கூரைமேல் படிந்த கரி

அந்த டயாலிசிஸ் நிலையத்தில் ஜெனரேட்டருக்கு எருமை என்று பெயர். கறுப்பாக, கனமாக, பின்சுவரோரத் தகரக் கொட்டகையில் நின்றது. கூப்பிட்டால் வரும், உறுமிக்கொண்டுதான் வரும். பெயர் வைத்தவர் தலைமை நர்ஸ். அதை ஓட்டுகிறவருக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது. பதினேழு வருடத்தில் ஒரு நாளும் அது கைவிட்டதில்லை என்பார். தினமும் காலை எட்டு மணிக்கு, கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை மணி நேரம் ஓடவிடுவார். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போதும் என்று கையேட்டில் போட்டிருந்தது.

"கையேடு எழுதினவன் பொண்டாட்டி இங்க வந்து படுத்திருக்காளா?" என்று கேட்பார்.

அவர் மனைவி படுத்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள், காலை நேரத்தில், ஜன்னலோரம் மூன்றாம் நம்பர் கட்டிலில், நான்கு மணி நேரம்.

மூன்று மாதத்துக்கு முன் கூரையில் இருபத்து நான்கு சோலார் தகடுகளை ஏற்றி, மாடிப்படிக்குக் கீழே பேட்டரிகளை வைத்தார்கள். கரண்ட் போனால் முதலில் பேட்டரி. அது தீர்ந்தால் மட்டும் ஜெனரேட்டர். இது மூன்று மாதச் சோதனை. தேறிவிட்டால் ஜெனரேட்டரைக் கழற்றிவிடுவதாகப் பேச்சு. அவர் அன்றிலிருந்து மாடிப்படியில் கால் வைக்கவில்லை. சக்களத்தி வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்?

சோதனை முடிய ஒரு நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குப் பேட்டரி மாலைவரை தாங்கியிருக்க வேண்டும். பதினொன்றரைக்கே ஆறு இயந்திரங்களும் ஒன்றாகக் கத்தின. ஐந்து இயந்திரங்களில் ரத்தத்தைச் சுழற்றும் பம்ப் உள்ளிருந்த சிறு பேட்டரியில் ஓடியது. மூன்றாம் நம்பர் பழசு. அதில் பம்ப் நின்றுவிட்டது. நின்ற ரத்தம் குழாயிலேயே உறைந்துபோகும். தலைமை நர்ஸ் கைப்பிடியை மாட்டிக் கையாலேயே பம்பைச் சுற்ற ஆரம்பித்தார். ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் கொட்டகைக்கு ஓடினார். எருமை ஒரே அழுத்தில் எழுந்தது.

"உங்க எருமை இல்லேன்னா இன்னைக்கு என் கை கழண்டிருக்கும், அண்ணே" என்றார் நர்ஸ், தோளைத் தேய்த்துக்கொண்டே. "நாளைக்கு சோலார் இன்ஜினியரம்மா சோதனை ரிப்போர்ட் வாங்க வர்றாங்க. இதை அப்படியே எழுதிக் குடுங்க. பதினேழு வருஷம் தீனி போட்டு வளர்த்த எருமைக்கு இந்த உதவியாவது பண்ணுங்க."

எழுதினார். ஒரு பக்கப் படிவம். 'நல்ல வெயிலிலும் பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் கைவிட்டது. ஜெனரேட்டர் இல்லாமல் நோயாளிகளைக் காப்பாற்ற முடியாது.' கையெழுத்துகூட அன்று அழகாக வந்தது. கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: 'தகடுகளின் நிலை'. அதற்காகத்தான் அவர் முதல்முறையாக மாடி ஏறினார்.

முன்வரிசைத் தகடுகள் நீலமாக மின்னின. பின்வரிசை இரண்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. கொட்டகையின் புகைக்குழாய் கூரை விளிம்புக்கு அரை ஆள் உயரம் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேர் எதிரே இருந்த தகடுகள் அடுப்படிச் சுவர்போல் இருந்தன. மூன்று மாதமாக மழை இல்லை. அவர் ஒரு தகட்டில் விரலை வைத்து இழுத்தார். விரல் போன வழியில் நீலம் தெரிந்தது. விரலில் ஒட்டிய கரியை முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. பதினேழு வருடமாகத் தன் சட்டைக் காலரில் பார்த்த கரிதான்.

தினமும் அரை மணி நேரம். தொண்ணூறு நாள். வெயில் ஏமாற்றவில்லை. அவர்தான் வெயிலின் கண்ணைக் கட்டிவிட்டு, பார்வை போதாது என்று இப்போது எழுதியும் வைத்திருக்கிறார்.

ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. படிவத்தை அப்படியே கொடுத்துவிடலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள். "விரல்ல என்னங்க அது? கை கழுவலையா?"

"கரி."

"என் தலையணை உறையிலயும் அதான் இருக்கும். அலசினா தண்ணி கறுத்துப்போகும்."

அவர் நின்றுவிட்டார். "ஜன்னல் சாத்தித்தானே இருக்கு?"

"சாத்தினா என்ன, இடுக்கு இல்லையா? எட்டு மணிக்கு நீங்க ஓட்டினதும் எங்க எல்லாருக்கும் இருமல் வரும். அஞ்சாம் நம்பர் பெரியவர் அதை வெச்சுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கிறார்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"எனக்காகத்தானே ஓட்டறீங்க?" என்றாள். "எப்படிச் சொல்றது?"

மறுநாள் இன்ஜினியரம்மாவை அவர் மாடிக்கு அழைத்துப் போனார். தகடுகளைக் கழுவவில்லை. தினமும் ஓட்டியதைச் சொன்னார்; எதையும் குறைக்கவில்லை. அந்தப் பெண் மங்கிய வரிசை முழுவதும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் மேலயும் தப்பு இருக்குங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அளவு இறங்கிட்டே இருந்துச்சு. மேகமா இருக்கும்னு விட்டுட்டேன். ஒரு தடவை ஏறி வந்து பார்க்கல."

"நானும் ஏறல" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், மேடம். மழைக்காலத்துல அஞ்சாறு நாள் சேர்ந்தாப்ல வெயிலே வராது. தகட்டைக் கழுவி வெச்சாலும் கரண்ட் வராது. அன்னைக்கு எருமை இல்லேன்னா மூணாம் நம்பர்ல ரத்தம் நின்னுடும்." அந்தப் பெயரை அவர் சொன்னது அதுவே முதல்முறை.

"தெரியும். ஆறு நாளுக்குப் பேட்டரி வெச்சா, கட்டில் போட இடம் இருக்காது. பத்து வருஷத்துல அதெல்லாம் செத்துப்போகும். அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறதுன்னு எங்க ஆளுங்களுக்கே இன்னும் தெளிவில்லை." அவள் புகைக்குழாயைப் பார்த்தாள். "எருமை இருக்கட்டும்னுதான் எழுதப்போறேன். குழாயை அந்தப் பக்கம் திருப்பி உயர்த்தணும். வாரம் பத்து நிமிஷம், அதுவும் கட்டில்ல ஆள் இல்லாத நேரம். ஆனா..." என்று தயங்கினாள். "வாரம் பத்து நிமிஷ வேலைக்கு முழுநேர ஆள் வேணுமான்னு மேல கேட்பாங்க."

"கேட்பாங்க."

"நான் என்ன சொல்லட்டும்?"

கீழே ஏதோ ஒரு இயந்திரம் இரண்டு தடவை கூவி அடங்கியது. "இல்லாத வேலையை இருக்கறதா எழுத வேணாம்" என்றார் அவர். பழைய படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று கேட்டு வாங்கினார்.

கடிதம் வரும்வரை எதையும் மாற்றக் கூடாது என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள்; பத்தாம் நாள் அது வந்தது. ஜெனரேட்டர் இனி வாரம் பத்து நிமிடம்தான். அடுத்த மாதம் முதல் அரை நாள் வேலை: ஜெனரேட்டர் பராமரிப்பு, தகடு கழுவுதல். பாதிச் சம்பளம். அதை அவர் மனைவியிடம் வாசித்துக் காட்டினார். அவள் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கை தானாகச் சாவிக்குப் போயிற்று. எடுத்துவிட்டு, மறுபடியும் ஆணியில் மாட்டினார். கொட்டகை அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. உள்ளே தலைமை நர்ஸ் யாரையோ அதட்டுவது அங்கேயே கேட்டது.

"அண்ணே, இங்க வாங்க. இந்த ஜன்னலைத் திறக்கணுமாம் உங்க வீட்டம்மாவுக்கு. தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கெடக்கு, அசைய மாட்டேங்குது."

எண்ணெய்க் குப்பியோடு போனார். மனைவியின் கையில் ஊசி ஏற்கெனவே ஏறியிருந்தது. குழாயில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஓட்டலையா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமைதான். கட்டில்ல யாரும் இருக்கமாட்டீங்க."

"அப்ப மணி எட்டுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் ஐந்தாம் நம்பர் பெரியவர்.

தாழ்ப்பாளில் நான்கு சொட்டு விட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும்வரை காத்திருந்தார். முதல் தட்டுக்கு அசையவில்லை; மூன்றாவதில் விட்டுக்கொடுத்தது. கதவு திறந்தபோது விளிம்பில் இருந்த கரி அவள் போர்வைமேல் கொஞ்சம் உதிர்ந்தது. அவர் அதைத் துடைக்கப் போனார்.

"இருக்கட்டும்" என்றாள் அவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "போய் மேல வேலையைப் பாருங்க."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.