நாலு மூலை மடிப்பு

பேக்கரியில எனக்கு வெச்ச பேரு 'பொட்டலம்'. மத்தவங்க பிசைஞ்ச மாவு மேல ஈரத்துணியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நான் அப்படி விடமாட்டேன். நாலு மூலையையும் உள்ள மடிச்சு, கட்டை விரலால அழுத்தி, காத்து துளிகூட நுழையாம அடைச்சுட்டுத்தான் கையைக் கழுவுவேன். காத்து பட்டா மேல காஞ்சுபோய் மாவு சரியா உப்பாது. பதினோரு வருஷமா இதே கை, இதே மடிப்பு. மிஞ்சின பன்னை வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போனாலும் அப்படித்தான். "பிரிக்கறதுக்குள்ள பசியே போயிடுது"ன்னு வீட்டுக்காரி திட்டுவா.

எங்க மகளுக்கு மூணு மாசம். பட்டாணின்னு கூப்பிடுவோம். பொறந்ததுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் படுப்பா. வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போற நர்ஸம்மா போன மாசமே சொன்னாங்க, "சார், பாப்பாவை உங்க கட்டில் பக்கத்துலயே தனித் தொட்டில்ல போடுங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. தலையணை, போர்வை எதுவும் வேண்டாம்." எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "பெத்தவனுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கா?"ன்னு கேட்டுட்டேன். அவங்க அதையே சீட்டுல எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க.

"அக்கா கொடுத்த தொட்டில் சும்மாதானே கிடக்கு, போட்டுப் பார்ப்போமே"ன்னா வீட்டுக்காரி. அது கம்பி வெச்ச மரத் தொட்டில். "என் பொண்ணு யார் வீட்டுல திருடினா, கம்பிக்குப் பின்னால போட?"ன்னு நான் எகிறினேன். அப்புறம் அவ பேச்சு எங்க எடுபடும்? துவைச்ச துணியைக் குவிச்சு வைக்கத்தான் அந்தத் தொட்டில் உதவிச்சு.

உண்மையைச் சொல்லணும்னா, எனக்குப் பட்டாணி பக்கத்துல வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா நான் வேலைக்கு ஓடணும். நான் திரும்பி வர்றப்போ அவ தூங்குவா, அவ முழிக்கிறப்போ நான் தூங்குவேன். ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் என் விரலைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவா. மகள்னு எனக்குக் கிடைச்சது அந்த அஞ்சு மணி நேரம்தான்.

போன வியாழக்கிழமை அலாரத்துக்கு முன்னாலயே "ஐயோ!"ன்னு ஒரு அலறல். துள்ளி எழுந்தேன். வீட்டுக்காரி லைட்டைப் போட்டுட்டு, பட்டாணியை மாரோட அணைச்சுக்கிட்டு நிக்கிறா. பாப்பா மூஞ்சி ரத்தமாச் சிவந்து, முடியெல்லாம் வேர்வையில ஒட்டிக் கிடக்கு. வாயைத் திறக்குறா, சத்தம் வரலை. அப்புறம் வீல்னு கத்தினா பாருங்க, அந்த மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"பாப்பா போர்வைக்குள்ள கிடந்தா. தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக் கிடந்தா. கையை வெச்சுத் தடவுறேன், மூஞ்சியைக் காணோம்."

"குளிருதுன்னு நீதானே மூடியிருப்ப? அறிவிருக்கா உனக்கு? பச்ச மண்ணுடி அது!" வாய்க்கு வந்தபடி கத்தினேன். எதிர் வீட்டுல லைட் எரிஞ்சுது. அவ கையை நீட்டிக் கட்டிலைக் காட்டினா.

போர்வையில ஒரு பக்கத்தை மட்டும் பிரிச்சுத்தான் பாப்பாவை எடுத்திருந்தா. என் பக்கம் அப்படியே இருந்துச்சு. ரெண்டு மூலையும் உள்ள மடிஞ்சு, ஓரம் நறுக்குன்னு அழுத்தியிருந்துச்சு. அது என் மடிப்பு.

"தூக்கத்துல முனகினீங்க. அதுலதான் நான் முழிச்சேன்"ன்னா. "'இன்னும் உப்பலை, திறக்காத'ன்னு சொன்னீங்க."

என் கை ரெண்டையும் பார்த்தேன். பட்டாணிக்கு ஒண்ணுன்னா உயிரையே கொடுக்கறவன் நான். தூங்கினப்புறம் என் கையை எடுத்து வேலை செய்யறவன் யாரு? அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதே!

அந்நேரத்துலயே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பாப்பாவை நல்லாப் பரிசோதிச்சுட்டு, "இப்போ பயமில்லை. எப்படி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரி என்னைப் பார்த்தா.

"நான்தான் மூடினேன் டாக்டர்"ன்னேன்.

அவங்க திட்டியிருந்தாக்கூடத் தேவலை. நர்ஸம்மா சொன்ன அதே விஷயத்தை அதே வரிசையில நிதானமாச் சொன்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டேன்.

அன்னிக்கு வேலைக்குப் போகலை. தொட்டில்ல இருந்த துணியையெல்லாம் வாரிக் கொட்டிட்டு, துடைச்சு, வீட்டுக்காரி படுக்கிற பக்கமாப் போட்டேன். இழுத்துக் கட்டின விரிப்பைத் தவிர உள்ள ஒண்ணுமில்லை. ராத்திரி பட்டாணியை மல்லாக்கப் படுக்க வெச்சோம். கம்பி வழியா விரலைக் கொடுத்தேன். பிடிச்சுக்கிட்டா. தூங்கினதும் மெதுவா உருவிக்கிட்டேன்.

"விடுங்க. அசதியில ஒரு தடவை நடந்துபோச்சு"ன்னா வீட்டுக்காரி. "இனிமே நடக்காது. ரெண்டு நாள் போனா மறுபடி நடுவுலயே போட்டுக்கலாம்."

"ஆமா, ஒரு தடவைதானே"ன்னு நானும் சொன்னேன். அதை நம்பித்தான் தூங்கினேன்.

ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சுது. லைட்டைப் போட்டு முதல்ல தொட்டிலைப் பார்த்தேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல போட்டுக்கிட்டு மகாராணி தூங்குறா. வயிறு ஏறி இறங்குது. அப்பாடான்னு இருந்துச்சு.

வீட்டுக்காரி முழிச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்க்கலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த இடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. பட்டாணி படுக்கிற இடத்துல என் தலையணை கிடந்துச்சு. அது மேல போர்வை. நாலு மூலையும் உள்ள மடிச்சிருந்துச்சு.