முன்சக்கரத்துக் கல்

1

இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் ராக்கப்பன். கோம்பைப் பெரிய வீட்டுக்குப் பங்காளி. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"எங்க அண்ணன் வீட்டுக் காரு ஒரு ஆளை முழுங்கிருச்சுல்ல. டிரைவர் பொண்டாட்டியே, வண்டிக்கு அண்டக்குடுத்த கல்லை உருவிட்டா. எதுக்கு? அடுப்புக்கு! கூறுகெட்ட சிறுக்கி."

பந்தியே சிரித்தது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபத்தோடு எழுதினால் கதை கோணிப்போகும் என்பார்கள். கோணட்டும்.

2

முதல் தொடக்கம்: "மேகமலையிலிருந்து இறங்கிய மேகம் கோம்பையின் ஓட்டுக்கூரைகளைத் தடவி—"

அடித்துவிட்டேன். ஒருத்தன் நசுங்கிச் சாகப்போகிறான், மேகத்துக்கு இங்கே என்ன வேலை?

அடுத்தது: "1936-ல் பெரிய வீட்டுக் கோட்டைச்சாமி வாங்கிய கறுப்புக் காரைப் பார்க்க அனுமந்தன்பட்டியிலிருந்தெல்லாம் ஜனம்—"

இதுவும் வேண்டாம். கடைசியில் காருக்குத்தான் மாலை விழும்.

இது நிற்கிறது: கருத்தம்மாள் அடுப்புக்கு மூன்றாவது கல் தேடினாள்.

3

அவள் கல் தேடியதற்கு மறுநாள் கோட்டைச்சாமியின் பேத்திக்குக் காதுகுத்து. முந்தின நாள் சாயங்காலமே தாய்மாமன் தேனியில் ரயிலிறங்குகிறார். அழைத்துவரக் கார் போகவேண்டும். காருக்கோ பின் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் சுருளிவேல், கருத்தம்மாளின் புருஷன், முதலாளி முன்னால் போய் நின்றான்.

"களத்துல சமதரையா இருக்கு முதலாளி. அங்கன நிறுத்திக் கழட்டிக்கிறேனே."

"அங்கனதான் பந்தல் போட்டாச்சுல்ல. இங்கன வாசச் சரிவுலயே பாரு. தாய்மாமன்காரன் வந்து எறங்கையில வண்டி இல்லேன்னா எம் மூஞ்சியில காறித் துப்புவாக."

வண்டி தெருவைப் பார்த்து, மூக்கு பள்ளத்தில் இருக்க நின்றது. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் சக்கரத்துக்கொரு கல்லை இறுக்கிவைத்தான். பிறகுதான் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினான்.

"கைப் பிரேக்கு போட்டிருக்கேன் முதலாளி. ஆனா அது பிடிக்கிறது பின்சக்கரத்தை. அதுதான் இப்ப அந்தரத்துல நிக்கிதே. இனி இந்த ரெண்டு கல்லுதான் வண்டிக்குப் பிடி."

"சரி சரி, பேச்சைக் குறைச்சு வேலையைப் பாரு."

(வாசகரே, கொஞ்சம் நில்லுங்கள். கோட்டைச்சாமிக்குச் சொல்லியாயிற்று. அவருக்குத் தெரியும். பத்தடி தள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. கார் சமாச்சாரத்தைப் பொம்பளைகளிடம் எதற்குச் சொல்வது?)

விருந்து அடுப்பில் ஒரு கல் சூட்டில் பிளந்துபோயிருந்தது. அண்டா ஏற்றமுடியாமல் கருத்தம்மாள் கையைப் பிசைந்தாள். கோட்டைச்சாமியின் மனைவி கஸ்தூரியம்மாள் வந்தார்.

"ஏத்தா கருத்தம்மா, இன்னும் ஒலை வைக்கலையா? ஊரே வந்து உக்காரப் போகுது."

"கல்லு பொளந்திருச்சு ஆத்தா."

"அந்தா, வண்டிக்கு முன்னால கெடக்குல்ல. அதை எடுத்து வையி."

"அது அவுக வச்சிருக்காகளே..."

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்குல்ல வண்டிக்கு! கல்லு வச்சு நிறுத்த அது என்ன மாட்டு வண்டியா?"

4

கஸ்தூரியம்மாளிடம் மாட்டிக்கொண்டேன். முதலில் அவருக்கு உருட்டும் கண், இடுப்பில் சாவிக்கொத்து, நாக்கில் விஷம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கருத்தம்மாளின் பிரசவத்துக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்.* கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கல், அவ்வளவுதான்.

* அன்றைக்கு அவள் உடுத்தியிருந்ததும் அந்தச் சேலைதான். இது என் கற்பனை. வேண்டாமென்றால் தள்ளிவிடுங்கள்.

5

கருத்தம்மாள் வண்டிகிட்டப் போனாள். காருக்கு அடியிலிருந்து புருஷனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். ஆனால் எப்படிக் கூப்பிடுவது? பந்தலில் ஆம்பளைகள் நிற்கிறார்கள். கட்டினவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊர் என்ன பேசும்? இருமினாள். வளையலை ஆட்டினாள்.

"இங்கேருங்க..."

அவன் பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். துருவேறிப்போய்க் கழல மாட்டேனென்றது. இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் சன்னமாக, "இங்கேருங்க" என்றாள். முதுகுக்குப் பின்னால் கஸ்தூரியம்மாள் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

குனிந்து, அசைத்து அசைத்துக் கல்லை எடுத்தாள்.

வண்டி நகரவில்லை. பாழாய்ப்போன வண்டி, அப்போதே நகர்ந்திருந்தாலாவது அலறியிருப்பாள்! மற்றக் கல் தாங்கிக்கொண்டு நின்றது. "பாத்தியா, நிக்கிதுல்ல" என்றார் கஸ்தூரியம்மாள். கருத்தம்மாளுக்கும் நெஞ்சு ஆறிவிட்டது. கல்லை வைத்து, அண்டாவை ஏற்றி, தீ மூட்டினாள். உலை காய ஆரம்பித்தது. அங்கே சுருளிவேல் டிரம்மை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் வண்டி குலுங்கியது; மிச்சமிருந்த ஒற்றைக் கல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

6

போலீஸ் வந்தது. "கைப் பிரேக்கைப் போட மறந்துட்டான், பாவம்" என்றார் கோட்டைச்சாமி. "நான் ஒரு கல்லு எடுத்து வையின்னுதான் சொன்னேன். அந்தக் கல்லையா எடுக்கச் சொன்னேன்?" என்றார் கஸ்தூரியம்மாள். அடுத்த நல்ல நாளில் காதுகுத்து நடந்தது. மாமன் வாடகைக் காரில் வந்தார்.

இது வரைக்கும் ராக்கப்பன் சொன்னதை வைத்து ஒருவாறு ஊகித்தது. இனி வருவது என் சொந்தச் சரக்கு.

போலீஸ்காரர் கருத்தம்மாளிடம் கேட்டார்: "உன் புருஷன் பேரென்ன?"

வழக்கப்படி பக்கத்தில் நிற்கும் யாராவது சொல்லவேண்டும். ஒருத்தர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே சொன்னாள். "சுருளிவேலு." தெருமுனைவரை கேட்டது. மறுபடி சொன்னாள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

"அடியாத்தே, பேரைச் சொல்றாளே!"

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். கஸ்தூரியம்மாள், "நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று போலீஸ்காரர் முன்னால் ஒத்துக்கொள்வதுபோல் ஒன்று. படித்துப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. கருத்தம்மாள் ஒருநாள் அந்தப் பந்திக்கே வந்து ராக்கப்பனின் இலையில்— வேண்டாம். அவளை யார் பந்திக்கு அழைக்கிறார்கள்?

மூன்றாவதில் அவள் கல்லைத் தொடுவதற்கு முன்பே கத்திக் கூப்பிட்டுவிடுகிறாள். அவன் வெளியே ஊர்ந்து வந்து, "அடி கிறுக்கு முண்ட, ஊர் பாக்க எம் பேரைச் சொல்லிக் கத்துறியே" என்று திட்டுகிறான். ஊர் ஒரு மாசம் வாயில் போட்டு மெல்லுகிறது. திட்டின வாய் ராத்திரி அவள் ஆக்கின சோற்றைத் தின்கிறது. எழுதி முடித்துவிட்டு அழுதேன். பிறகு கிழித்துப் போட்டேன். அன்றைக்கு அவளால் அது முடியவில்லை. முடிந்ததுபோல எழுதினால் நானும் அவள்மேல் பழியைப் போட்டவனாவேன்.

அதனால் கதையை ஐந்தாம் பகுதியிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். அவள் குனிந்திருக்கிறாள். கை இன்னும் கல்லைத் தொடவில்லை. அவன் கால் வெளியே தெரிகிறது. சுத்தியல் சத்தம் கேட்கிறது. கோட்டைச்சாமி பந்தலில் வெற்றிலை போடுகிறார். அவர் கூப்பிட மாட்டார்.

உங்களை எந்த வழக்கமும் தடுக்கவில்லை. அவன் பேர் சுருளிவேல். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள்.