சோலாப்பூரில் ஒரு நாள்

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த இருபத்து நாலு வருஷத்தில் லூசியம்மாள் பதினேழு தடவை ரயிலில் ஊருக்குப் போய் வந்திருக்கிறாள். வழியில் உள்ள ஊர்களையெல்லாம் பார்த்திருக்கிறாள், ஜன்னல் கம்பி வழியாக. ஒரு பிளாட்பாரத்தில்கூட அவள் கால் பட்டதில்லை. தண்ணீர் பிடிக்க, இட்லி வாங்க என்று இறங்குவதெல்லாம் புருஷன் சந்தியாகுதான். சாமான்களுக்கு ஒரு ஆள் காவல் வேண்டாமா? அந்த ஆள் லூசியம்மாள்.

புதுப்பெண்ணாக அவள் பம்பாய்க்கு வந்த அன்று, சோலாப்பூரில் வண்டி நின்றபோது சந்தியாகு சொன்னார்: "ஒரு நாளைக்கு இங்க எறங்கி ஊரைப் பாப்போம்." சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவள் மறக்கவில்லை. வண்டி அங்கே நிற்கும் ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்வாரா என்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்.

இந்த வருஷம்தான் வேளை கூடி வந்தது. மகள் லிசா ஜூனில் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே மே மாதம் நேராக வள்ளியூர் போகாமல், இறங்கி இறங்கிப் போவது என்று முடிவாயிற்று. லூசியம்மாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்: புனே ஒரு நாள், சோலாப்பூர் ஒரு நாள், கடப்பா ஒரு நாள், மதுரை இரண்டு நாள். எழுத்துக்கூட்டிப் படித்த லிசா, "கடப்பால என்னம்மா இருக்கு?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அதத்தானட்டி பாக்கப் போறோம்."

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற பெண்களிடம், "மே பத்தாந் தேதி ஊருக்குப் போறோம், நாலு ஊரு சுத்திக்கிட்டு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். நாலு ஊரை யாரும் பொருட்படுத்தவில்லை.

தாராவியிலிருந்து ஊருக்குப் போகிறவர் தெருவுக்கே சேர்த்துத்தான் போக வேண்டும். பேச்சிராஜா தன் பட்டறையில் தைத்த தோல் பைகளை அக்காள் வீட்டில் கொடுக்கச் சொன்னான். இன்னொருத்தி மிக்ஸி என்றாள். நாலே நாளில் பதினோரு பேர். ரயிலில் லூசியம்மாளுக்கு இடம் கிடைப்பதற்கு முன்பே அவள் சீட்டுக்கு அடியில் எல்லாரும் இடம் பிடித்துவிட்டார்கள். அவ்வளவு மூட்டையையும் தூக்கிக்கொண்டு நாலு ஊரில் லாட்ஜ் ஏறி இறங்க முடியுமா? முடியாது என்று சொல்லிவிடுவோம் என்று, முதலில், தன் அம்மாவுக்குச் சேலை கொண்டுபோகச் சொன்ன பக்கத்து வீட்டு விஜயலட்சுமியிடம் போனாள்.

"கூரியர்ல போட்டா மூணு நாள்ல போயிருமே, விஜயா."

"சேலை போயிரும்க்கா. கூரியர்காரன் எங்கம்மா பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிட்டு, 'ஒங்க மவள முந்தாநேத்துப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கா'ன்னு சொல்லுவானா? பன்னெண்டாந் தேதி நீங்க வாரீயன்னு போன்லயே சொல்லிட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தாள் லூசியம்மாள். தன் அம்மா கண்மூடும் வரை அவளும் இப்படித்தான் ஆள் பார்த்துப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவர்களில் எவரும் வழியில் இறங்கி ஊர் பார்க்கவில்லை.

முன்பதிவு திறக்கிற நாள் காலை எட்டு மணிக்கு லிசா போனோடு உட்கார்ந்தாள். சந்தியாகு சொன்னார்: "நான் மூட்டையோட நேராப் போயிருதேன். நீயும் பிள்ளையும் எறங்கி மெதுவா வாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்கு வலித்தது. அவரோடு சேர்ந்து பார்க்கத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்? அவர் இல்லாமல் சோலாப்பூரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"ம்மா, ஜல்தி சொல்லு! சீட்டு போயிட்டே இருக்கு."

"மூணு பேரு," என்றாள் லூசியம்மாள். "நேரா வள்ளியூரு."

டிக்கெட் கிடைத்துவிட்டது. லிசா குளிக்கப் போனாள். சந்தியாகு காலண்டர் தாளை எடுத்து, சோலாப்பூர் என்ற வரியில் விரலை வைத்தார்.

"சோலாப்பூர்ல எறங்குவோம்னு நாந்தான சொன்னேன்? ஒன்னயக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு."

அவள் தலையை ஆட்டினாள்.

"இந்தத் தடவ எறங்குவோம். ரெண்டு பேரும். சாமானுக்கு லிசா இருக்கா."

"வண்டிய எடுத்துட்டா?"

"எடுத்துட்டா நல்லதாப் போச்சி. ஊரைப் பாத்துட்டு அடுத்த வண்டில வருவோம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அஞ்சு நிமிசம்."

லூசியம்மாள் பேனாவை எடுத்தாள். சோலாப்பூருக்கு நேரே இருந்த 'ஒரு நாள்' என்பதை அடித்துவிட்டு, 'ஐந்து நிமிடம்' என்று எழுதினாள்.