ஏழாவது மாடியில் பார்

இறந்துபோன அத்தாவைக் கீழே வாங்கிக்கொள்ள மகன் கப்ருக்குழிக்குள் இறங்கி நின்றான். லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் இறங்குவது அவனுக்குப் பழக்கம்தான். இந்தக் குழிதான் பிடிக்கவில்லை.

முந்தாநாள் ஓர் ஓட்டலில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஏழாவது மாடியில் பார். எட்டு மாதமாக வேலையில்லாதவன் அத்தாவிடம் கேட்டான். கேட்காமல் முடியுமா? ஹலால் இல்லை என்று மனதில் பட்டுவிட்டால் மனுஷர் அந்த வேலைக்கு மறுநாள் போக மாட்டார். லாட்டரிச் சீட்டு அச்சடித்த பிரஸ்ஸை அவர் விட்டது தன் கல்யாணத்தன்று. பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளைக்கு வேலை இல்லை.

"ஒரு நாள் டைம் குடுடா. சொல்றேன்" என்றார். இன்று விடிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

காலையிலிருந்து வீடு முழுக்க மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முஃப்திகள்.

"லிஃப்டு என்ன குடிக்கவா செய்யுது?" என்றார் பெரியத்தா.

"குடிக்கிறவனத் தூக்கிட்டுப் போகுதுல்ல?" என்றாள் மாமி.

"ஆறாவது மாடி வரைக்கும்தான் ரிப்பேர் பாப்பேன்னு சொல்லிப் பாரு மாப்ள" என்றார் அக்கா வீட்டு மச்சான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மட்டும், "முதல்ல அடக்கத்த முடிப்போம்" என்றார். மகனுக்கு எல்லோர் மேலும் எரிச்சல். அத்தா மேல் அதைவிட. ஊருக்கெல்லாம் பதில் சொன்னவர், பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் போய்விட்டாரே.

அத்தாவை வலப்பக்கமாகச் சாய்த்துக் கபன் துணியின் முடிச்சை அவிழ்த்தபோது, அவன் சட்டைப்பையில் செல்போன் அலறியது. சுற்றி நின்ற அத்தனை தலையும் குழிக்குள் எட்டிப் பார்த்தது.

"எடுத்துத் தொலைடா. இல்லேன்னா அடிச்சுக்கிட்டே கெடக்கும்" என்றார் பெரியத்தா.

எடுத்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேங்க. நேத்து உங்க அப்பா வந்திருந்தாரு. லிஃப்டு ஓடலையே, என் மகன் நல்லா பாப்பான், அவனுக்கு வேலை குடுங்கன்னாரு. எங்க ஆபீஸ் நாலாவது மாடி. படியேறியே வந்துட்டாரு, பாவம். நாளைக்கு வர முடியுமா?"

"வரேன் சார்."

மச்சான் குனிந்தார். "ஓட்டலா?"

"இல்ல மச்சான். ஆஸ்பத்திரி. அத்தா போய்க் கேட்டிருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ்! அங்க மேல பார் ஒண்ணும் இல்லையே?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏறி வரச் சொல்லி நாலைந்து கைகள் நீண்டன. மகன் அவற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. கபன் துணியின் மேலாக அத்தாவின் முழங்கால்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.