நயினார்கோவிலில் இருக்க வேண்டிய கவர்

பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்று காலை, கவிப்ரியா ஃபோனை வாயருகே வைத்து, பேசியே டைப் அடித்து, நயினார்கோவில் வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். மாட்டைக் கொட்டகைக்குள் கட்டுங்கள், தகரத்தின் மேல் கல் வையுங்கள், டிரங்குப் பெட்டியில் இருக்கும் கவர் பத்திரம், அதற்கு ஏதாவது ஆனால் என் வேலையே போய்விடும் என்று பயந்த பயத்தில் பதினெட்டு வரி.

ராமேஸ்வரத்தில் ஹமீது சுல்தானின் நண்டு ஏற்றுமதி ஆபீஸில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. எந்தப் படகு நண்டு எந்தப் பெட்டியில் போனது என்பதெல்லாம் அதில்தான். மாதாமாதம் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, எல்லாம் திரும்பக் கிடைத்ததா, எப்படிக் கிடைத்தது என்று ஒரு ரிப்போர்ட் அச்செடுத்து, கவரில் போட்டு முத்திரை வைப்பாள். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால், ஆபீஸையே கடல் கொண்டுபோனாலும் அந்தத் தாளைப் பார்த்து வேறு ஊரில் வேலையைத் தொடங்கிவிடலாம். முதலாளி அதை அடுத்த தெருவில் மச்சான் வீட்டில் வைக்கச் சொன்னார். இங்கே வரும் தண்ணீர் அங்கேயும்தானே வரும் என்று பேசிப் பேசி, பாலம் தாண்டி நயினார்கோவிலில் தன் வீட்டில் வைக்கச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

பதினோரு மணிக்கு, நண்டு வாங்கும் கம்பெனியின் ஆய்வாளர் முருகலட்சுமி தூத்துக்குடியிலிருந்து பேசினார். புயல் நேரத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். ஐந்து மணிக்கு வீடியோவில், கவர் நயினார்கோவிலில் இருப்பதைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

கவிப்ரியா சந்தோஷமாக அம்மாவைக் கூப்பிட்டாள். பஞ்சம்மாள் நிதானமாகச் சொன்னாள்.

"அதை ஒங்கய்யா எடுத்துக்கிட்டு ஒம்பது மணி பஸ்ஸுக்கே கெளம்பிட்டாருத்தா. ஒங்கிட்டதான் வாராரு."

பன்னிரண்டரைக்கு அப்பா சோணைமுத்து வந்து சேர்ந்தார். தலையில் துண்டு, கக்கத்தில் உரச்சாக்கு. சாக்குக்குள் பாலித்தீன் பை, அதற்குள் கவர். ஒரு சொட்டு ஈரமில்லை. மகள் பாராட்டுவாள் என்று நின்றார்.

"அய்யா, புயலு இங்கனதான வருது. அதுக்குப் பயந்துதான அங்கன வச்சேன்."

"வேலை போயிரும்னு எழுதியிருந்தியேத்தா. அதுக்கு மேல படிக்க ஓடல எனக்கு."

ஹமீது சுல்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார். சுவர் எல்லா ஊரிலும் சுவர்தான். பின்னாடி ரூமில் வைத்துக் காட்டிவிட்டால் தூத்துக்குடிக்கு என்ன தெரியப்போகிறது? கவிப்ரியாவுக்கும் ஒரு நிமிஷம் ஆசைதான். ஆனால் ராத்திரி ஆபீஸுக்குள் தண்ணீர் வந்தால் கம்ப்யூட்டரோடு ரிப்போர்ட்டும் போகும். வீடியோவா வந்து காப்பாற்றும்? அய்யாவை உடனே திரும்பிப் போகச் சொன்னாள். காற்று இன்னும் ஏறினால் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள்.

சோணைமுத்து சாக்கை அக்குளில் இடுக்கினார். நகரவில்லை.

"காயிதம் கடக்கரைல இருக்கக் கூடாது, நீ மட்டும் இருக்கலாமாக்கும்? ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன், கெளம்பு."

முதலாளி வாய்விட்டே சிரித்தார். பேக்கப் டிஸ்க்கையும் அவள் கையில் கொடுத்து, ஆபீஸுக்கு மூன்று நாள் லீவு விட்டார்.

பாலத்தில் பஸ் ஊர்ந்தது. சோணைமுத்து சாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட் எடுக்கக்கூட கையை எடுக்கவில்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பஞ்சம்மாள் பெட்டியைத் திறந்தாள், கவர் நிலப் பட்டாவுக்கும் கல்யாணப் பட்டுக்கும் நடுவில் போய்ப் படுத்தது, ஃபோன் அடித்தது.

முருகலட்சுமி முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். கவர் இடையில் எங்காவது போனதா என்று கேட்டார். கவிப்ரியா அய்யாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"போச்சு மேடம். இன்னைக்குக் காலைல ராமேஸ்வரம் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு. அய்யா கொண்டுபோனாக."

நடந்ததை முழுக்கச் சொன்னாள். பிறகு முருகலட்சுமி, பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார். அதுவரை அது யாரிடமும் இல்லை, பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் மெயில் வந்தது. ஆர்டர் உண்டு, ஒரு நிபந்தனையோடு: சாவி இனி திருமதி பஞ்சம்மாளிடம் இருக்க வேண்டும்; அவர் அனுமதியில்லாமல் யாரும், குறிப்பாகத் திரு. சோணைமுத்து, கவரை எடுக்கக் கூடாது.

கவிப்ரியா அதைச் சத்தமாகப் படித்தாள். பஞ்சம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.