அமீனாவுக்குச் செய்த தோணி

தோணி கேட்டுத் தீவுக்கு வந்தவர், கடலுக்கு அந்தப் பக்கம் பெருங்கரையில் கடை வைத்திருந்த ஹாலரன். மூன்று பேர் துடுப்புப் போடும் வழக்கமான கித்தான் தோணிதான். ஆனால் பின்பக்கத்தில் ஒரு பலகை மட்டும் அகலமாக வேண்டும் என்றார். சாமான் மூட்டைகள் வைக்க என்று காரணமும் சொன்னார். மூட்டை ஏற்றுகிறவன் அதைத் தோணியின் அடியில்தான் போடுவான். பலகை கேட்கிறவன் ஆளை உட்கார வைக்கக் கேட்கிறான், அதுவும் பூட்ஸ் நனையக் கூடாத ஆளை. தோணி செய்கிற கோல்மனுக்கு அது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரிந்தும் தலையை ஆட்டினான்.

வீட்டுக்குப் போய் மனைவி நாப்லாவிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கில் அழுகியதை வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் வெட்டி எறிந்ததுதான் அதிகம்.

"யாருக்குன்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காம இருந்துட்டா தெரியாதுன்னு ஆயிருமா?" என்றாள். வீட்டில் மாவு தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவள் வயிற்றில் முதல் பிள்ளை.

தீவில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான துரைக்கு யாரும் குத்தகை கட்டுவதில்லை. குத்தகைப் பாக்கிக்கு ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு அமீனாவை அந்தக் கடற்கரையில் எந்தத் தோணிக்காரனும் ஏற்றுவதில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் கை தூக்கி ஒப்புக்கொண்டது அது. கோல்மனும் தூக்கியிருந்தான். அதைத் தூக்க வைத்தவர் மார்கஸ். தீவில் வயதில் மூத்தவர் வேறு பலர் இருந்தார்கள். ஆனால் மார்கஸ் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கோல்மன் தோணியைச் செய்தான். மேல்விளிம்புச் சட்டத்தை முதலில் பூட்டிக் கவிழ்த்து வைத்து, வெந்நீர் ஊற்றிப் பதப்படுத்திய விலாக்கம்புகளை ஒவ்வொன்றாக வளைத்துச் செருகி, அவற்றின் மேல் நீளப் பட்டைகளை ஆணியடித்து, கித்தானை இழுத்துப் போர்த்தித் தார் பூசினான். மட்டமாகச் செய்திருக்கலாம். மனம் வந்திருந்தாலும் கை வந்திருக்காது. கடைசியாகப் பின்பலகையைப் பொருத்தினான். ஹாலரனின் ஆட்கள் வந்து தோணியைக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் வீட்டில் ரொட்டி வெந்தது.

மார்ச் மாதம் அமீனா வந்தான். வடக்கிலிருந்து கூலிக்குப் பிடித்த மூன்று அந்நியர்கள் துடுப்புப் போட, பின்பலகையில் அவனும் ஒரு போலீஸ்காரனும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வீட்டில் ஜப்தி செய்தார்கள். மார்கஸின் பசுவைக் கொம்பில் கயிறு கட்டித் தோணிக்குப் பின்னால் நீந்த விட்டார்கள். பாதிக் கடலில் அது மூழ்கியது. கயிற்றை அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மார்கஸ் பசுவைப் பார்க்கவில்லை, தோணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தோணி செய்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு கைவாகு உண்டு. தோணியின் மூக்கைக் கோல்மன் போல அவ்வளவு தூக்கி வளைக்கிறவன் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் கோல்மனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் அவன் கரைக்குப் போனபோது வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அவசரமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அவனோடு ஒரே தோணியில் துடுப்புப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவனுடைய சொந்தத் தம்பி ஃபெஹீன். அன்றைக்கு அவர்கள் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். கோயிலில் அவன் மண்டியிட்ட வரிசை காலியானது. நாப்லா கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். கர்ப்பிணி என்பதால் முதலில் மொள்ள விட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை.

கோல்மன் சின்னத் தோணியில் தனியாகப் போய்ப் பாறையோரத்தில் சிங்கி இறால் கூடு போட்டான். தனி ஆளால் அதற்கு மேல் கடலுக்குள் போக முடியாது. நாட்கள் போகப் போக நாப்லா கிணற்றுக்குப் போவதை நிறுத்தினாள். அவன் போனான். அவனுக்கு யாரும் வழி விடவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் விடியும்போது அவளுக்கு வலி எடுத்தது. தீவின் மருத்துவச்சி டிலியா, மகன் டாராவோடு மேற்கு முனையில் இருக்கும் விதவை. கோல்மன் போய்க் கதவைத் தட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் நாப்லாவிடம் சொன்னாள்: "நான் உன்கிட்ட வந்திருக்கேன் தாயி. உன் வீட்டுக்காரன்கிட்ட இல்ல."

மதியம் வரை பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மறந்து அவனிடமே பேசினாள்.

"புள்ள குறுக்க கிடக்கு. திருப்பிப் பாத்தேன், திரும்பல. பெருங்கரை டாக்டர்கிட்ட கொண்டு போயிரு. பெரிய தோணிய எடு. மூணு ஆளுங்க இருந்தா வெளிச்சத்துலயே போயிரலாம்."

கடல் அப்படி ஒன்றும் மோசமாக இல்லை. வடமேற்குக் காற்று, நுரை எழும் அலை. இதைவிட மோசமான கடலில் உப்பு வாங்கப் போயிருக்கிறார்கள்.

கோல்மன் வீடு வீடாகப் போனான். எந்த வீட்டிலும் கதவை அடைக்கவில்லை. ஒருவன் துடுப்பை மாட்டும் முளை உடைந்திருக்கிறது என்றான். ஒருவன் காற்றைக் காட்டினான். ஒருவன் தன் மனைவியைப் பார்த்தான், அவள் அடுப்பைப் பார்த்தாள். மார்கஸ் வாசலில் உட்கார்ந்து புகையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். கோல்மன் அவர் முன்னால் முழங்காலிட்டான்.

"எந்திரி" என்றார் மார்கஸ். மாதக்கணக்கில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "நான் யாரையும் போகாதேன்னு சொல்லலியே. போறவன் போகட்டும். உன் தம்பிகிட்ட கேளு."

ஃபெஹீன் வீட்டுக்குப் பின்னால் இருந்தான். அண்ணனைக் கண்டதும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். "அண்ணே, நான் வந்தா நாளைக்கு என்னையும் சேத்துல்ல ஒதுக்குவாங்க" என்றான். "எனக்கும் கைக்குழந்தை இருக்கு." உள்ளே அவன் மனைவி மெக், தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்தபோது டிலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். அவன் சொல்வதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. கடற்பாசி அள்ளக் காலம் முழுவதும் துடுப்புப் போட்ட கை அவளுடையது. டாரா ஊரில் இல்லை, பெருங்கரையில் அறுவடைக் கூலிக்குப் போயிருந்தான். வைக்கோல் பரப்பி நாப்லாவைத் தோணியின் அடியில் படுக்க வைத்தார்கள். மூன்று பேர் தலையில் தூக்க வேண்டிய தோணியை இரண்டு பேருமாகக் கூழாங்கல்லில் இழுத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். மேலே பாறை விளிம்பில் ஊர் மொத்தமும் நின்றது.

பாதி வழி வரை நன்றாகத்தான் போனார்கள். அதற்கு மேல் நீரோட்டம் தெற்கே இழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது ஜோடித் துடுப்பு இருந்திருந்தால் அதை வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். கோல்மன் இழுத்த இழுப்பில் உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் ஒட்டியது. எதிரே தெரிந்த கரை பக்கத்தில் வரவில்லை, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனது. நாப்லா கத்துவதை நிறுத்தியிருந்தாள். ஒரு தடவை தலையைத் தூக்கி, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள். கொஞ்சம்தான் என்றான்.

டிலியா துடுப்பைப் போட்டுவிட்டு அவள் கால்மாட்டில் மண்டியிட்டாள். அங்கே அவள் என்ன செய்தாள் என்று கோல்மன் பார்க்கவில்லை. தோணியின் மூக்கை அலைக்கு நேரே வைத்துக்கொள்வது ஒன்றுதான் அவனால் முடிந்தது. எவ்வளவு நேரமோ. ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. தோணியின் அடியில் தேங்கிய தண்ணீர் சிவந்து அவன் பாதங்களைச் சுற்றி வந்தது.

"பொண்ணு" என்றாள் டிலியா. கொஞ்ச நேரம் கழித்து, "திரும்பு" என்றாள்.

அவன் பெருங்கரையைப் பார்த்தே துடுப்புப் போட்டான்.

"திரும்புய்யா. அவளுக்கு இனிமே டாக்டர் வேண்டாம். புள்ளைக்குப் பால் வேணும்."

திரும்பும்போது காற்று சாதகமாக இருந்தது. வேகமாக வந்துவிட்டார்கள். கரையை நெருங்கியபோது ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பாறையிலிருந்து இறங்கி வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். தோணி தரை தட்டுவதற்கு முன்பே பத்திருபது கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவனும் டிலியாவும் பிள்ளையும் நாப்லாவும் உள்ளே இருக்க, தோணியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேட்டில் இறக்கினார்கள். முன்பக்கத்தைத் தூக்கியவன் ஃபெஹீன். வாய்விட்டு அழுதுகொண்டிருந்தான்.

செத்தவர்களை ஊர் ஒதுக்குவதில்லை. அன்று மாலை கோல்மன் வீட்டில் உட்கார இடம் இல்லை. பெண்கள் நாப்லாவைக் குளிப்பாட்டி நல்ல உடுப்பு போட்டார்கள். ஒருத்தி மாவு கொண்டு வந்தாள், ஒருத்தி வெண்ணெய். ஆண்கள் புகையிலையும் சாராயமும் கொண்டு வந்தார்கள். ஜெபமாலையை மார்கஸ்தான் சொல்லிக்கொடுத்தார். மெக் மூலையில் உட்கார்ந்து ஒரு மார்பில் தன் மகனையும் மறு மார்பில் கோல்மனின் மகளையும் வைத்திருந்தாள். மறுநாள் கல்லறைத் தீவுக்கு நான்கு தோணிகள் போயின. எந்தத் துடுப்புக்கும் ஆள் குறையவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மார்கஸ் அவன் தோளில் கை வைத்தார். "ஆனது ஆச்சு. இனி எங்க மனசுல உன்மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான் கோல்மன். தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு அவனுக்கே உடம்பு கூசியது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. மெக்கின் பால் இல்லாமல் பிள்ளை பிழைக்காது.

பிள்ளை பிழைத்தது. தாயின் பெயரையே வைத்தான். ஃபெஹீனோடு மறுபடி கடலுக்குப் போனான். தோணியில் அவர்கள் கானாங்கெளுத்தியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். சில நாட்களில் முன்னால் குனிந்து நிமிரும் தம்பியின் முதுகையே அவன் பார்த்துக்கொண்டிருப்பான். துடுப்பை ஓங்கி அந்தப் பிடரியில் ஒரு போடு போட்டால் என்ன என்று தோன்றும். பிறகு கரைக்கு வந்து மெக் வீட்டில் பிள்ளையை வாங்கிக்கொண்டு போவான்.

அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு செய்தி வந்தது. டிலியாவின் மகன் டாரா பெருங்கரையில் துரையின் மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்காரனாகச் சேர்ந்திருந்தான். அது ஜப்தியில் ஆட்களை விரட்டிவிட்டுப் பிடுங்கிய நிலம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் கூடினார்கள். மகன் கைக்கு எட்ட மாட்டான், தாய் இங்கேதான் இருக்கிறாள் என்றார் மார்கஸ். சொல்லிவிட்டு எல்லோரையும் விட்டுவிட்டுக் கோல்மனைப் பார்த்தார்.

கோல்மன் கையைத் தூக்கினான். அவன் தூக்கிய பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து டிலியா அவன் கொட்டகைக்கு வந்தாள். தார் கொதித்துக்கொண்டிருந்தது. தோணியின் கித்தான் பாறையில் உரசிக் கிழிந்துவிட்டது, ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தால் நானே போய் விறகு கொண்டு வந்துவிடுவேன் என்றாள். வீட்டில் எரிக்க ஒன்றும் இல்லை, பலகைக் கட்டிலை உடைத்து எரித்தாகிவிட்டது என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அக்கம்பக்கத்துக்காரன் ஒருவனிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

கோல்மன் தாரைக் கிளறினான். வாசலுக்கு அப்பால் இரண்டு பேர் வலை தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் நடை மெதுவானது.

"தார் பத்தாது" என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

டிலியா கொப்பரையைப் பார்த்தாள். அது விளிம்பு வரை இருந்தது. "சரிய்யா" என்றாள். "புள்ள நடக்குதா?"

அவன் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு.

பனிக்காலத்தில் டாரா ஆள் அமர்த்திக்கொண்டு ஒரு தோணியில் வந்தான், தாயைக் கூட்டிப்போக. தீவின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் டிலியா கையில் விழுந்தவர்கள். அவர்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். அவளுடைய பெட்டியைத் தூக்க யாரும் குனியவில்லை. நெஞ்சில் சளி கட்டி அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மகனும் அந்நியன் ஒருவனும் தாங்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். அவள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். கோல்மன் இடுப்பில் இருந்த குழந்தை, தோணியில் யார் போனாலும் ஆட்டுவது போலக் கையைத் தூக்கி ஆட்டியது.

கோல்மன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். குழந்தை மறுபடி தூக்கியது. இந்த முறை கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மார்கஸ் அவன் வீட்டுக்கு வந்து புதுத் தோணி ஒன்று வேண்டும் என்றார். கோல்மன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, என்ன நீளம் வேண்டும் என்று கேட்டான்.