பதினெட்டாம் இலக்கத்தில் இரண்டு பேர்

...பிரிண்டரின் வயரை நான்தான் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன், பிறகு எப்படிப் பதினெட்டாம் இலக்கம் பதில் சொல்கிறது? இந்தக் கடை நெட்வேர்க்குக்குள் அந்த விலாச இலக்கம் பில் அடிக்கும் பிரிண்டருக்கு மட்டும்தான் என்று முதலாளி நமசிவாயம் அங்கிள் சொன்னார், ஆனால் லப்டொப்பில் யாரோ இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்... ஆக, இரண்டு பேர். ஒரே விலாசத்தில் இரண்டு பேர் குடியிருந்தால் தபால்காரன்தான் என்ன செய்வான், ஒரு பில் போகும், அடுத்தது போகாது, காலையிலிருந்து இந்தக் கூத்துத்தான். கொட்டாஞ்சேனையில் புதுப் பாத்திரக் கடை, வாசலில் வாழை, நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான், கைராசிக்காரி என்று முதல் பில்லுக்காக அழைத்து வந்த யோகேஸ்வரி அக்கா எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்தபடி நிற்கிறார், பார்க்க எனக்குத்தான் இடுப்பு வலிக்கிறது. நெட்வேர்க் பூட்டும் கம்பனி வேலையை விட்டபின் தனியாகக் கிடைத்த முதல் கடை இது, சரிவராவிட்டால் இந்தத் தெருவில் இனி யார் என்னைக் கூப்பிடுவார்கள், பயமாகத்தான் இருக்கிறது, சிரித்துச் சமாளிக்கிறேன்.

"நெட் நல்லா வேலை செய்யுதே ரஜனி, என்ர போனில எல்லாம் வருதே" என்கிறார் அங்கிள். வரும்தானே, போன்களுக்குப் புது ரூட்டர் புது முறையில் எழுத்தும் எண்ணும் கலந்த நீள நீள விலாசம் கொடுக்கிறது, அங்கே யாரும் யாரோடும் இடிபடுவதில்லை, பிரிண்டர் பழைய ஆள், அதற்குப் பழைய குட்டி விலாசம்தான் தெரியும்... அதிலும் ரூட்டர் தானாகக் கொடுத்திருந்தால் சண்டை வந்திருக்காது, யாரோ கையால் போட்டிருக்கிறார்கள், யார்? நிமிர்ந்தால் வாசலுக்கு மேலே கமரா. "அங்கிள், கமரா பூட்டின ஆளிட்ட ஏதாவது சொன்னீங்களோ?" "ஓம், என்ர எண் ஒன்பது. கடையில எதைப் பூட்டினாலும் அதின்ர நம்பரைக் கூட்டினா ஒன்பது வரோணும் எண்டு சொன்னனான்." பிரிண்டர் பூட்டியவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஒன்றும் எட்டும் ஒன்பது, ஆளுக்கொரு பதினெட்டு, இரண்டு பேருமே கணக்கில் புலிகள்! சிரிப்பை மறைக்க மேசைக்கு அடியில் குனிந்தேன். இருபத்தேழைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலில்லை, காலி வீடுதான், கமராவை அங்கே குடியேற்றினேன், அதுவும் ஒன்பதுதானே. வயரைப் பூட்டியதும் பிரிண்டர் பில்லைத் துப்பியது, யோகேஸ்வரி அக்கா குடத்தை இறக்கி "அப்பாடா" என்றார், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புறப்படும்போதுதான் பில் போடும் கம்பியூட்டரின் நீள விலாசம் அங்கிளின் கண்ணில் பட்டது. "இதைக் கூட்டினா என்ன வரும் பிள்ளை?" ஒன்பதுதான் என்றேன், கூட்டாமலே. வெள்ளவத்தை பஸ்ஸில் ஜன்னலோர சீட், கையில் அவர் தந்த லட்டு, காலிமுகத்திடல் காற்று, இதைவிட வேறென்ன வேண்டும்... திரையைப் படம் எடுத்தது போனில் இருக்கிறதே, சும்மா பொழுதுபோக்குக்கு, அதில் வரும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை போட்டு, கூட்டி, கூட்டியதை மறுபடி கூட்டி... எட்டு. பிழைவிட்டிருப்பேன். இன்னொருமுறை. எட்டு. சனியின் எண். எனக்கென்ன, இதிலெல்லாம் எனக்கு எந்தக் காலத்தில் நம்பிக்கை இருந்தது, அந்த விலாசமும் நாளைக்குத் தானாகவே மாறிவிடும்... ஆனால் கடை திறந்தது இன்றைக்கல்லவா? அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும், லட்டை வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. கம்பியூட்டரின் நெட் வயரை ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள் என்று போனில் சொன்னால் போதும், இப்போதே புது விலாசம் வந்துவிடும், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். அங்கிளின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன்... புதிதும் எட்டாகவே வந்துவிட்டால்? வரப்போவதை நான் இங்கிருந்து எப்படிக் கூட்டிப் பார்ப்பேன்?